ஏலத்தோட்டத்துக்குப் போறவங்களுக்கு ஒரு உள்பனியன்

விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி கேரளா ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க உங்க வீட்ல இருந்தா, இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.

"மேல ஸ்வெட்டரு, அதுக்கு மேல மகன் சட்டை, தலையில துண்டு. அப்பவும் சாயங்காலம் ஜீப்புல வரையில வெடவெடன்னு நடுங்குது டாக்டரு." மார்க்கையன்கோட்டை அக்கா ஒருத்தங்க சொன்னது. உள்ள என்ன போட்டிருக்கீங்கனு கேட்டேன். காட்டன்.

சிக்கலே அங்கதான். பகல்ல வேலை செய்யும்போது வேர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கும், சீக்கிரம் காயாது. தண்ணி, காத்தை விட 20 மடங்குக்கு மேல வேகமா சூட்டைக் கடத்தும். அதுக்கு மேல எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் பிரயோஜனம் கம்மி.

குல்மார்க்ல பனிச்சறுக்கு விளையாடப் போறவங்களுக்கும் இதே கதைதான். சறுக்கும்போது வேர்க்கும், கேபிள் கார்ல சும்மா உக்காந்தா உறையும். அதனாலதான் உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி பனியன் போடுறாங்க. கம்பளி தன் எடையில சுமார் 30 சதவீதம் ஈரத்தை நூலுக்குள்ள இழுத்துக்கும், ஆனா தோலுக்கு ஈரமா தெரியாது.

"கம்பளியா? அரிக்குமே!" பெரும்பாலும் அது அலர்ஜி இல்லைங்க. 30 மைக்ரானுக்கு மேல தடிச்ச ரோமத்தோட முனை தோல்ல குத்துறதுதான். மெரினோ 20 மைக்ரானை ஒட்டி இருக்கும், குத்தாது. ஏதோ வெளிநாட்டு ஆடுன்னு நினைக்காதீங்க, நம்ம கொடைக்கானல் மன்னவனூர்ல மத்திய அரசு ஆராய்ச்சி மையத்துலயே 'பாரத் மெரினோ' ஆடு இருக்கு.

விலைதான் இடிக்குது. ஆயிரக்கணக்குல ஆகும், தினக்கூலிக்காரங்க வாங்க முடியாது. அடுத்த வழி, விளையாட்டுப் பசங்க போடுற பாலியஸ்டர் ஜெர்சி. ஈரம் பிடிக்காது, சட்டுனு காயும். நாத்தம் வரும், துவைச்சுக்கலாம். ஆனா அதைப் போட்டுட்டு நெருப்பு மூட்டிக் குளிர்காயப் பக்கத்துல போகாதீங்க. தீப்பிடிச்சா உருகி தோல்ல ஒட்டிக்கும், அந்தக் காயம் ரொம்ப மோசம். கம்பளி அப்படி உருகாது.

என் கருத்து: தோட்ட முதலாளிகள் ரெயின்கோட் மாதிரி, வருஷத்துக்கு ரெண்டு உள்பனியனும் குடுக்கணும்.

அதுவரைக்கும் காய்ஞ்ச பனியன் ஒண்ணை பிளாஸ்டிக் கவர்ல கட்டி எடுத்துட்டுப் போங்க, ஜீப் ஏறுறதுக்கு முன்னாடி மாத்திக்கோங்கன்னு அந்த அக்காகிட்ட சொன்னேன். "பொம்பளைங்க எங்க நின்னு மாத்துறது டாக்டரு?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. ஜீப் நிக்கிற இடத்துல நாலு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் கட்டிவிட முதலாளிகளுக்கு என்ன செலவாகிடும்?