களி கிண்டினால் கிண்டலா?

என்ன செல்லங்களே, இன்று டிபன் பாக்ஸில் என்ன?

இதே கேள்வியைப் போன மாதம் அரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தம்பியிடம் கேட்டேன். ஆறாம் வகுப்பு படிப்பான். "லெமன் சாதம்" என்றான். "வீட்டில் களி கிண்ட மாட்டார்களா?" என்றேன். "கிண்டுவாங்க சார். ஆனா ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனா பசங்க கிண்டல் பண்ணுவாங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

அதே வாரம் சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சாமை, தினை, வரகு எல்லாம் பளபளக்கும் பாக்கெட்டில்! கிலோ நூறு ரூபாய்க்கு மேல். காரில் வந்தவர்கள் கூடை நிறைய வாங்கினார்கள். பட்டணத்தில் பெருமை, விளைகிற ஊரில் வெட்கம். இது என்ன கூத்து?

சிறுதானியங்களை நம் ஊர் ஏன் மறந்தது தெரியுமா? சாமைக்கு உமி கெட்டி. உரலில் போட்டு மாய்ந்து மாய்ந்து குத்த வேண்டும். பாட்டிகளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். ரேஷனில் அரிசி மலிவாகக் கிடைத்தது, 2011 முதல் இலவசமாகவே கிடைத்தது. யார்தான் குத்திக்கொண்டு இருப்பார்கள்? பாட்டிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்திலும் கரும்பு, மரவள்ளி என்று பணப்பயிர்கள் வந்தன. கரும்புக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். சாமைக்கோ மழை போதும்.

அரூர் வட்டத்திலேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993 இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இரண்டு டாக்டர்கள் அங்கே குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். மருந்து மட்டும் போதாது, நல்ல சாப்பாடும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வளர்ந்தது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் பயிர் செய்ய விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். சில பேரோடு ஆரம்பித்தது, இன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள். சிறுதானிய மாவு, பிஸ்கெட் எல்லாம் செய்து வெளியூருக்கும் அனுப்புகிறார்கள்.

அனுப்பட்டும், நல்லதுதான். ஆனால் விளைகிற ஊர் முதலில் சாப்பிட வேண்டும், மிச்சம்தான் பட்டணத்துக்கு என்பது என் கட்சி. ஏன் என்கிறீர்களா?

தென் அமெரிக்காவில் பொலிவியா, பெரு என்ற நாடுகளின் மலைப்பகுதியில் கினோவா என்ற தானியம் விளைகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அதன்மேல் திடீர் ஆசை வந்தது. 2013 ஐ கினோவா ஆண்டு என்றே ஐ.நா. சபை அறிவித்தது. விலை எகிறியது. மற்ற நாடுகளும் பயிரிட ஆரம்பித்தன. சில வருடங்களிலேயே விலை மடமடவென்று சரிந்துவிட்டது. அதை நம்பியிருந்த விவசாயிகள் திண்டாடினார்கள். நம் சிறுதானியங்களுக்கு 2023 இல் அதே மாதிரி ஓர் ஆண்டு கொண்டாடினார்கள். பட்டணத்து ஆசை நாளைக்கு வேறு பக்கம் திரும்பினால், நம் சாமையை யார் வாங்குவார்கள்? நாம்தானே?

அதனால்தான் 2023 இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது எனக்குப் பிடித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். வளருகிற எலும்புக்கு எது வேண்டும், நீங்களே சொல்லுங்கள். பள்ளிக் காலை உணவிலும் வாரம் ஒரு நாள் இந்தப் பக்கத்துச் சாமையில் பொங்கல் போட்டால், சாப்பிடுகிறவருக்கும் லாபம், விதைக்கிறவருக்கும் லாபம். இதைப் பெரியவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தத் தம்பியிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சாமையிலும் லெமன் சாதம் கிளறலாம். பார்த்தால் லேசில் கண்டுபிடிக்க முடியாது. குறுக்கு வழிதான், பரவாயில்லை. பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் ஒரு பிடி கொடு தம்பி. அவன் சாப்பிட்டு முடித்தபிறகு என்னவென்று சொல்!