போலி ஐ.சி.க்களைப் பரிசோதிக்க வசதி வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர் அவர்கள், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி.

கனம் ஐயா,

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கி, மீட்டர்களும் சார்ஜர்களும் செய்து ஜீவனம் நடத்தும் சிறு உற்பத்தியாளர் சங்கத்தார் பணிவுடன் சமர்ப்பிக்கும் விஞ்ஞாபனம்.

கழித்துப்போட்ட போர்டுகளைச் சூடாக்கி ஐ.சி.க்களைப் பெயர்த்து, மேற்பரப்பைத் தேய்த்துப் பழைய எழுத்தை அழித்து, கருஞ்சாயம் பூசி, வேறு எண்ணும் புதிய தேதியும் பொறித்துப் புதுச்சரக்கென்று விற்கும் வஞ்சகம் தாங்கள் அறியாததன்று. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ராணுவக் கொள்முதலிலேயே இத்தகைய சந்தேகச் சரக்கு சுமார் 1,800 தடவை புகுந்ததாகவும், அதில் அடங்கிய பாகங்கள் 10 லட்சத்துக்கு மேற்பட்டவை என்றும் கண்டிருக்கிறது. அத்தனை பரீட்சைச் சாலைகள் உடைய ராஜாங்கமே ஏமாந்த இடத்தில், நூறு ஐ.சி. வாங்கிப் பூதக்கண்ணாடியும் அசிட்டோன் தோய்த்த பஞ்சுமாக உட்காரும் நாங்கள் எம்மாத்திரம்? கைதேர்ந்தவன் பூசிய சாயம் அசிட்டோனுக்கும் அசைவதில்லை. உள்ளிருக்கும் கம்பியமைப்பை எக்ஸ்ரேயில் கண்டோ, மேலோட்டை அமிலத்தில் கரைத்துச் சிலிக்கானில் பொறித்த குறியைப் படித்தோதான் உண்மை அறியலாகும்.

நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பதற்கு 2014-இல் நடந்ததே போதும். எஃப்.டி.டி.ஐ. என்னும் ஸ்காட்லாந்துக் கம்பெனி, தன் யு.எஸ்.பி. ஐ.சி.யின் போலிகளில் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும் டிரைவரை வெளியிட, அது விண்டோஸ் அப்டேட் வழியே வந்திறங்கிக் கருவிகளை முடக்கியது. போலி செய்தவன் காசை எண்ணிக்கொண்டு போயாயிற்று. அறியாமல் வாங்கியவரே அவதிப்பட்டனர்.

நம் நாட்டில் 2012-இல் பிறந்து 2021-இல் புதுப்பிக்கப்பட்ட கட்டாயப் பதிவு உத்தரவு, லாப்டாப், பவர் அடாப்டர் முதலிய முழுச் சாதனங்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண்ணை விதித்திருக்கிறது; கண்காணிப்புக் காமிராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புப் பரிசோதனையும் சேர்ந்திருக்கிறது. நல்ல காரியமே. ஆயினும் சோதனைக்குக் கொடுத்த மாதிரியில் அசலும் பின்னர்ச் செய்த சரக்கில் போலியும் இருந்தால், மேலோட்டிலுள்ள பதிவெண் அதை எப்படிச் சொல்லும்?

ஆகையால், சென்னையிலுள்ள மின்னணுச் சோதனை மற்றும் வளர்ச்சி மையத்தில், பத்து ஐ.சி. கொண்டுவந்தாலும் சிறு கட்டணத்தில் பார்த்து, ஒரு வாரத்துக்குள் சான்று தரும் பிரிவு ஒன்றை ஏற்படுத்த வேண்டுகிறோம். மேலும், 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின் கீழ்ப் பதிவு பெற்ற மறுசுழற்சிச் சாலைகளிலிருந்து ஐ.சி. முழுதாக வெளியேறாமல் அங்கேயே நொறுக்கப்படும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துடன் கலந்து விதி செய்யவும், மொத்த வியாபாரிகள் பில்லில் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறிப்பதைக் கட்டாயமாக்கவும் கோருகிறோம். பின்னிரண்டும் தாமதமாகுமெனில், சோதனைப் பிரிவையேனும் இந்த நிதியாண்டுக்குள் திறந்தருளுமாறு பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்
சென்னை