தேருக்கு விலக்கு; பாட்டுக்குத் தண்டனையா?

நாட்டுப் பாடல்களைச் சேகரிக்கப் புறப்படுகின்ற பண்டிதர்களில் பலருக்கு ஒரு வழக்கமுண்டு. தாலாட்டை எழுதிக் கொள்வார்கள். ஒப்பாரியை எழுதிக் கொள்வார்கள். ஏற்றப் பாட்டையும் எழுதிக் கொள்வார்கள். ஆனால் நடவு நடுகின்ற பெண்கள், பண்ணையாரையும், பூசாரியையும், தலையில் கட்டி வைத்த கிழக் கணவனையும் பச்சையாகக் கேலி செய்து பாடத் தொடங்கினால் மாத்திரம் பேனாவை மூடி விடுவார்கள். கேட்டால் "ஆபாசம்" என்பார்கள்.

ஆபாசம் என்றால் என்ன என்று கேட்கின்றோம். குளிக்கின்ற பெண்களின் சேலைகளை எடுத்துக் கொண்டு கண்ணன் மரத்தில் ஏறிய கதை ஆபாசமில்லையாம். இந்திரன் கவுதமன் வேஷத்தில் அகலிகையிடம் போன கதை ஆபாசமில்லையாம். இவற்றை ஒலிபெருக்கி வைத்துக் குழந்தை குட்டிகள் நடுவில் சொன்னால் புண்ணியமாம். சேற்றில் நிற்கின்ற ஒருத்தி தன் உடம்பு பட்ட பாட்டைத் தன் பாஷையில் பாடினால் மாத்திரம் நாகரிகம் கெட்டுப் போகுமாம்!

இது பண்டிதர்களின் புத்தி மாத்திரமல்ல. சட்டத்தின் புத்தியும் இதுதான். 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம், தனது 292ஆவது பிரிவில் ஆபாசப் புத்தகமும் படமும் விற்பது குற்றம் என்று சொல்லிவிட்டு, கோயிலிலும், சாமியை வைத்து இழுக்கின்ற தேரிலும் உள்ள உருவங்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. 294ஆவது பிரிவிலோ, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டுப் பாடுகின்றவனுக்கு மூன்று மாதம் வரை சிறை என்றது. 1969இல் இலக்கியம், கலை, விஞ்ஞானம் ஆகியவற்றிற்கான புத்தகங்களுக்கு விலக்குச் சேர்த்தார்கள், பாட்டுக்குச் சேர்க்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா என்று வடமொழியாகி, பிரிவுகள் 294, 296 என்று எண் மாறின. தேருக்குள்ள விலக்கு மாத்திரம் தேர் போலவே அசையாமல் நிற்கின்றது. ஆகவே, தேரில் செதுக்கியிருப்பது பக்தி. வடம் பிடித்து இழுக்கின்றவன் அதையே வாயால் பாடினால் குற்றம்!

அச்சில் ஏறினாலும், சொல்லுகின்றவர் யார் என்று பார்த்தே தீர்ப்புச் சொல்லுகின்றார்கள். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழநி என்னும் தாசி, 18ஆம் நூற்றாண்டில் "ராதிகா சாந்த்வனம்" என்ற தெலுங்குக் காவியம் எழுதினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனை 1910இல் பதிப்பித்தார். அடுத்த வருஷமே ஆபாசம் என்று அரசாங்கம் அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்க ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷங்களாயின. ஆணாகிய ஜயதேவர் ராதையின் சிருங்காரத்தைப் பாடிய கீதகோவிந்தமோ பஜனை மடங்களில் தடையின்றி முழங்கிற்று. காவியத்திற்கே இந்தக் கதி என்றால், எழுத்தறியாத பெண்களின் வாய்ப்பாட்டுக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

நிற்க, பாட்டாளி பாடியது என்பதற்காக எல்லாவற்றையும் நாம் போற்றவில்லை. அப்பாட்டுகளிலும் பெண்ணை இழிவுபடுத்துவதுண்டு. கீழ்ச்சாதி என்று பிறரை ஏசுவதுமுண்டு. அவை கண்டிக்கத்தக்கவையே. ஆனால் கண்டிப்பதற்கும் முதலில் அவை ஏட்டில் இருக்க வேண்டாமா? வேண்டாததை வெட்டி எறிந்து, நமது முன்னோர் அனைவரும் உத்தமர்கள் என்று காட்டுவது புராணக்காரன் வேலையேயன்றி ஆராய்ச்சிக்காரன் வேலையல்ல. கரிசல் காட்டு மக்களின் பாலியல் கதைகளைக் கி. ராஜநாராயணன் துணிந்து தொகுத்து வெளியிட்டார். அதனால் ஊர் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

இஷ்டமில்லாத கலியாணத்தைப் பற்றியும், பண்ணையின் அக்கிரமத்தைப் பற்றியும் நம் பாட்டிமார் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவர்கள் எழுதி வைத்த சாசனம் எதுவுமில்லை. இருப்பது இப்பாட்டுகள்தான். வயலில் நடவு இயந்திரம் இறங்கிவிட்டது. பெண்களின் இடுப்பு வலி குறைவதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் பாட்டுத் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றார்கள். ஆதலால் வாலிபத் தோழர்கள், முக்கியமாகப் பெண் தோழர்கள், இன்றே அவர்களிடம் போய் உட்கார்ந்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக் கொள்ள வேண்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் பாடினவர்களல்ல. அவர்களைப் பாட வைத்த நிலைமையை உண்டாக்கினவர்களேயாவார்கள்.