வலி மறக்கும், சொல் மறக்காது



சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தியின் குழந்தைக்கு முப்பதாம் நாள் சடங்கு. பெயர் வைத்து, தொட்டிலிட்டு, விருந்தும் முடிந்தது. வந்திருந்த பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பட்ட வலியெல்லாம் மறந்து போயிருக்குமே!" என்று சிரித்தார்கள். அவளும் தலையை ஆட்டினாள்.

எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், எனக்கு மறக்கலையே. கண்ணை மூடினா அந்த ரூமும் அந்தச் சத்தமுந்தான். நான் நல்ல தாய் இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

நம் பெரியவர்கள் 'பிரசவ வைராக்கியம்' என்பார்கள். வலியில் துடிக்கிறவள், "இனிமேல் பிள்ளையே வேண்டாம்" என்று சபதம் செய்வாள். நாலு மாதம் போனால் அது காற்றில் போய்விடும். சுடுகாட்டில் வருகிற மயான வைராக்கியத்தைப் போல நிலைக்காதது என்று அதற்கு அர்த்தம். இது உண்மைதானா? பாதி உண்மை.

சுவீடன் நாட்டில் 1,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம், குழந்தை பிறந்த இரண்டாம் மாதத்திலும் ஐந்தாம் ஆண்டிலும், "வலி எவ்வளவு இருந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த நினைவு குறைந்திருந்தது. மூன்றில் ஒருவருக்கு அப்படியே இருந்தது. 100-க்கு 16 பேர், முன்பு சொன்னதைவிட அதிகம் என்றே சொன்னார்கள். பிரசவமே கசப்பான அனுபவமாக அமைந்தவர்களுக்கு வலியின் நினைவு எளிதில் மங்கவில்லை.

அந்தச் சடங்குக்கு வந்திருந்த ஒரு பாட்டியம்மாவின் பேச்சும் இதற்கு ஒத்து வருகிறது. எண்பது வயதைத் தாண்டியவர். பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"ஏழு பெத்தேன் டீச்சரம்மா. மத்ததெல்லாம் எப்படிப் பொறந்துச்சுன்னே நெனவில்ல. நாலாவது மட்டும் மறக்கல. லயத்து வீட்டுல ராத்திரி முழுக்க வலி. பார்க்க வந்தவ ஒருத்தி, 'ஊருல யாரும் பெறாத பிள்ளையையா பெறுறா?'ன்னு கேட்டுட்டுப் போனா. அது இன்னும் காதுல கேக்குது. மருத்துவச்சி என் இடுப்பைத் தாங்கிப் பிடிச்சிக்கிட்டு, 'இன்னும் கொஞ்ச நேரந்தான் தாயி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அந்தக் கையோட சூடும் மறக்கல."

கேட்டீர்களா சகோதரிகளே? வலி எவ்வளவு என்று பாட்டி சொல்லவில்லை. யார் ஏசினார்கள், யார் தாங்கினார்கள் என்றுதான் சொன்னார். பல நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பிரசவ நேரத்தில் ஒருவர் இடைவிடாமல் பக்கத்தில் இருந்து தைரியம் சொன்னால், தாய் அந்த அனுபவத்தைக் கசப்பாக நினைப்பது குறைகிறது என்று தெரிய வந்தது. பாட்டியின் மருத்துவச்சி அதை எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்திருந்தாள்.

ஆகவே, வீட்டுப் பெரியவர்களே, வலியில் கிடப்பவளிடம் "நாங்களெல்லாம் பெறலையா?" என்று கேட்காதீர்கள். கணவன்மார்களே, மருத்துவமனையில் அனுமதி கிடைத்தால் பக்கத்தில் இருங்கள். கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகு அவள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். ஒரே கதையைப் பத்துத் தடவை சொன்னாலும் கேளுங்கள்.

கெட்ட கனவு, பயம், காரணமில்லாத அழுகை, பிள்ளையைத் தூக்கவே மனம் வராமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். சுகாதார நிலையத் தாதியிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இது குணமாகக் கூடியது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

அன்று அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "மறக்காதது உன் குற்றமில்லை அம்மா. நல்ல தாய்க்கும் நினைவு இருக்கும். நடந்ததைச் சொல்லு, நான் கேட்கிறேன்."

அவள் சொல்லி முடிக்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எழுந்து போய்த் தூக்கினாள். மறுநாள் தாதியைப் பார்க்கத் துணைக்கு நானும் போனேன்.

உங்கள் வீட்டிலும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒருத்தி இருக்கலாம். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.