வினையூக்கியின் உள்ளமைப்பு

நீரை மின்சாரத்தினால் பகுத்து ஹைட்ரஜன் வாயுவைப் பெறுவது புதிய முறையன்று. ஆயினும், அதனைப் பெருமளவிற் கைக்கொள்ள வேண்டிய நிலை நம் நாட்டிற்கு இன்று ஏற்பட்டுள்ளது. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், ரூ.19,744 கோடி ஒதுக்கீட்டில், 2030க்குள் ஆண்டுதோறும் 50 லட்சம் டன் உற்பத்தியைக் குறிக்கோளாகக் கொண்டது. இதன் வெற்றி, மின்வாய்த் தகடுகளின்மீது அமையும் வினையூக்கியைப் பெரிதும் பொறுத்ததாகும்.

அமிலத்தன்மையுள்ள சவ்வைக் கொண்ட மின்பகுப்புக் கலங்களுக்குப் பிளாட்டினமும் இரிடியமும் தேவை. இரிடியமோ உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது. ஆகவே மலிவான உலோகத்தைத் தேட வேண்டும் என்று பலரும் கூறுகின்றனர். அது பாதி உண்மையே. எந்த உலோகம் என்பதைப் போலவே, அஃது எவ்வாறு அமைந்துள்ளது என்பதும் முக்கியமாகும்.

ஏனெனில், வினை நிகழ்வது மேற்பரப்பில் மட்டுமே. உள்ளே புதைந்துள்ள அணுக்கள் அதில் நேரே பங்குகொள்வதில்லை. நிக்கலை உதாரணமாகக் கொள்வோம். 1920களில் அமெரிக்கரான மர்ரே ரேனி, நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த கலவையிலிருந்து அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவினால் கரைத்து நீக்கி, கடற்பஞ்சு போன்ற நுண்துளை நிக்கலைப் பெற்றார். உலோகம் பழையதே, அதன் மேற்பரப்போ பன்மடங்கு பெருகிற்று. எண்ணெயை இறுகச் செய்வதற்காகத் தோன்றிய இப்பொருள், பின்னர் காரநீர் மின்பகுப்புக் கலங்களிலும் இடம் பெற்றது. காரநீரில் கலந்திருக்கும் சிறிதளவு இரும்பு நிக்கல் ஆக்ஸைடுப் படலத்திற் சேர்ந்தால், ஆக்ஸிஜன் வெளிப்படுவது மிகவும் எளிதாகிறது என்பதை 1987இல் காரிகன் காட்டினார்.

ஆனால், இவ்வமைப்பு நிலையானதன்று. உழைக்க உழைக்கத் துகள்கள் ஒன்றுகூடிப் பருக்கின்றன, துளைகள் அடைபடுகின்றன, சில அணுக்கள் கரைந்தும் போகின்றன. சூரிய ஒளியை நம்பி இயங்கும் கலம் நாள்தோறும் நின்று மீண்டும் தொடங்குவதால், இக்கேடு மேலும் விரைவுபடும். எனவே, முதல் நாளில் அளந்த திறனை மட்டும் கண்டு மகிழ்வது தகாது. பல்லாயிரம் மணி நேரம் உழைத்த பின்னர் அமைப்பு எவ்வாறு மாறியுள்ளது என்பதையும் ஆராய்ச்சி அறிக்கைகள் கூறுதல் வேண்டும். நீண்ட சோதனைக்குச் செலவு மிகும் என்பர். ஆலை நிறுவிய பின்னர் தகடுகளை மாற்ற நேரிடும் செலவு அதனினும் மிகுதியன்றோ?

ஹைதராபாத் நகரம் இப்பணிக்கு மிகவும் ஏற்றது. 1944இல் நிஜாம் ஆட்சியில் தோன்றி, 1956இல் விஞ்ஞான தொழில் ஆராய்ச்சி மன்றத்தின்கீழ் வந்த இன்றைய இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் வினையூக்கி ஆராய்ச்சியிற் பழக்கமுடையது. பாலாப்பூரிலுள்ள தூள் உலோகவியல் ஆராய்ச்சி மையம் உலோகத் தூள்களின் அமைப்பை நன்கு அறிந்தது. அதன் எரிபொருள் கலப் பிரிவு சென்னையில் இயங்குகிறது. ஒன்று வினையை அறியும். மற்றொன்று பொருளை அறியும். இவ்விரண்டும் கூடி, உழைத்துத் தேய்ந்த மின்வாய்களை ஆராய்ந்து, வெற்றியுடன் தோல்வியையும் வெளியிடுமாயின், அயல்நாட்டு இரிடியத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலை நமக்குப் பெரிதும் குறையும்.