‘இது’ன்னா எது சார்?



சென்ற மாதம் நம் இதழ் அலுவலகத்துக்கு ஒரு வாசகி வந்திருந்தார். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்காக ஆன்லைன் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த பாடக்குறிப்பைத் திறந்து, போனை மேசைமேல் வைத்தார். “கேளுங்க சார்” என்றார்.

திரையில் சோழர் நிர்வாகம் பற்றி அச்சடித்தாற்போல் அழகான தமிழ். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். போனிலிருந்து வந்ததோ ஆங்கில எழுத்துகளின் கலவை. எம், கே, என்று ஏதேதோ ஒப்பித்தது. ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை.

விஷயம் எளிது. அந்தக் குறிப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மாதான் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். அதற்கு அழகு தெரியாது. யூனிகோடில் அடித்திருந்தால் ‘அம்மா’ என்றே சொல்லியிருக்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒட்டினால் ஒரு நொடியில் மாறிவிடும். அந்த ஒரு நொடியைச் செலவழிக்காததால் ஒரு பெண் இரவெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கோப்பில் அந்தக் குரலும் வரவில்லை. யாரோ ஒரு கையேட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன் அமைதியாகிவிட்டது.

“கணக்கு வகுப்புதான் சார் ரொம்பக் கஷ்டம்” என்றார். ஆசிரியர் நல்லவர், பொறுமையாகச் சொல்லித்தருபவர். ஆனால் எழுதிக்கொண்டே, ‘இதை இங்க கொண்டு வந்தா இது போயிடும், அப்ப இது கிடைக்கும்’ என்று சொல்வாராம். “‘இது’ன்னா எது சார்னு கேக்க வாய் வரைக்கும் வரும். அறுபது பேர் இருக்கிற வகுப்பு. எப்படிக் கேக்குறது?”

இந்தக் கேள்வி என்னை விட்டு இன்னும் போகவில்லை.

அந்த ஆசிரியர் ‘எக்ஸை வலப்பக்கம் கொண்டு போறேன், கூட்டல் கழித்தலாயிடும்’ என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். கூடுதல் பணம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். நெட் சிக்கிப் படம் உறைந்துபோன பையனுக்கும் அது உதவும். பஸ்ஸில் நின்றபடி காதால் மட்டும் கேட்டு வருகிற, வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் உதவும். பார்வையற்ற ஒருவருக்காகச் செய்வது பத்துப் பேருக்குப் போய்ச் சேரும் என்பதை இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். காது கேளாத மாணவருக்காகத் திரையில் வசனம் போட்டாலும் அப்படியே. ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தால் உதடு பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய துணை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. கல்வியில் சம வாய்ப்பு என்பது சட்டத்தின் சொல். நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் அது இன்னும் நுழையவில்லை.

பாடம் எட்டாமல் போவதற்குப் பார்வையின்மை மட்டும் காரணமில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எங்கள் தெருவில் ஒரு வீடு. இரண்டு பிள்ளைகள், ஒரே போன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். போன் அவர் சட்டைப்பையில் காலையில் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். காலைப் பத்து மணி நேரலை வகுப்பு அந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு? 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது கை கொடுத்தது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே.

கேட்க வைத்தவர் அவர்களுடைய டீச்சர். ஐந்து நிமிடக் குரல் பதிவாகப் பாடத்தை அனுப்புவார். பின்னங்கள் பாடம் வந்த அன்று என் காதாலேயே கேட்டேன். “வீட்ல இன்னைக்குத் தோசைன்னா ஒண்ணை எடுத்துக்கோ. ரெண்டா மடி. இன்னொரு தடவை மடி. இப்ப பிரிச்சுப் பாரு, எத்தனை பங்கு தெரியுது? எனக்குக் குரல்ல சொல்லு.” மூத்தவள் தட்டில் இருந்த தோசையை மடித்துப் பிரித்துப் பார்த்து, போனை வாயருகே வைத்துக்கொண்டு, “நாலு பங்கு டீச்சர், தம்பி ஒரு பங்கைத் தின்னுட்டான், இப்ப முக்கால்தான் இருக்கு” என்றாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள் என்று அவள் அம்மா சொன்னார்.

ஆன்லைனில் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று குறைபடுகிறவர்களுக்கு நான் அந்தத் தோசையைத்தான் சொல்வேன். ‘புரிஞ்சுதா?’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கையால் செய்ய ஒரு வேலையும், தனியாகப் பேச ஓர் இடமும் கொடுத்தால் பேசுகிறார்கள். கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். ஒற்றை அறை வீட்டில், பின்னால் பாட்டி படுத்திருக்க, அந்தப் பிள்ளை எதைக் காட்டும்?

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த குறிப்பை அனுப்புவதற்கு முன், ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக் என்பதை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குறிப்பை நீங்களே கேட்டுப் பாருங்கள். கணினிக்கு அதே வேலையைச் செய்யும் என்விடிஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய மென்பொருள், இன்றுவரை இலவசம்.

அந்த வாசகி புறப்படும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். நம் இதழின் மின்பதிப்பும் அவருக்குப் பேசுவதில்லையாம். இத்தனை ஆண்டுகளாகப் பக்கங்களைப் படமாகவே ஏற்றி வந்திருக்கிறோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். அடுத்த இதழ் முதல் எல்லாக் கட்டுரைகளையும் யூனிகோடு எழுத்திலும் தருகிறோம். படங்களுக்கு விளக்க வரியும் இருக்கும். எங்காவது போன் மௌனமானால், பக்க எண்ணைக் குறிப்பிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். எழுத முடியாதவர்கள் குரலில் சொன்னாலும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்