பிழையும் ஒரு பாடமே

பிழையற்ற தொடரை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்றிருந்தால், காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. அறிவியல் கற்பனைத் தொடர்களுக்கு இது மிகப் பொருந்தும்.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரைப் பாருங்கள். விண்கலம் ஒவ்வொரு கோளிலும் தரையிறங்குவதைப் படமாக்கப் போதிய பணமில்லை. ஆகவே, மனிதரை ஓரிடத்தில் மறைத்து வேறிடத்தில் தோன்றச் செய்யும் கருவியைக் கற்பனை செய்தனர். வறுமை ஈன்ற வளம் அது!

அக்கலம் இரைச்சலுடன் விரைவதைக் கண்ட உத்தமபாளையத்து மாணவரொருவர், "காற்றில்லா வெளியில் சத்தம் எப்படிக் கேட்கும், ஹஜ்ரத்?" என்றார். அவ்வினாவை எழுப்பியது பிழையன்றோ?

தூர்தர்ஷனில் 1998இல் வந்த, கேத்தன் மேத்தாவின் 'கேப்டன் வியோம்' தொடரில் கணினிக் காட்சிகள் இன்று பொம்மையாட்டமாகத் தோன்றும், துணிவோ பெரிது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் தூர்தர்ஷன் தொடராயிற்று. அக்கதை கற்பனை செய்த 2021 கடந்துவிட்டது. நூல் படித்து நையாண்டி பேசும் இயந்திர நாய் ஜீனோ இன்னும் நம் வாசலுக்கு வரவில்லை. எனினும் சுவை குன்றவில்லை.

பெற்றோரே, இவற்றைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள். எது மெய், எது பொய் எனக் கேளுங்கள். திரையின் பிழையைச் சுட்டப் பழகிய பிள்ளை, திரை சொல்வதையெல்லாம் நம்பி ஏமாறாது.